பல் போன இடத்தில் இம்பிளாண்ட்: கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இம்பிளாண்ட் பற்றித்தான், அதாவது தாடை எலும்பில் ஒரு திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டுவது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். நான் பல் மருத்துவன்தான், ஆனால் உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. வெளியே தெரியாத பல். அப்படியே விட்டால் என்ன?

எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. வரிசையில் கடைசிப் பல் என்றால் பல பேர் கட்டாமலே நிம்மதியாக இருக்கிறார்கள், நானும் வற்புறுத்துவதில்லை. நடுவில் இருந்த பல் போனால்தான் சிக்கல். பின்னால் இருக்கும் பல் காலி இடத்தைப் பார்த்துச் சாயும். மேல்பல் தடுக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கி வரும்.

இன்னொன்று, எலும்பு. பல் இருக்கும் வரைதான் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை. பல் போனதும் கரைய ஆரம்பிக்கும். முதல் வருடத்தில்தான் அதிகம், அதுவும் கன்னத்துப் பக்கம். அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், வெளிப்பக்கம் லேசாகக் குழி விழுந்திருப்பது தெரியும். இரண்டு வருடம் போனது போகட்டும். இனியும் தள்ளிப்போடுவதற்கு முன் எலும்பு எவ்வளவு அகலம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரிட்ஜா, இம்பிளாண்டா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் செதுக்கி, அவற்றின் மேல் தாங்கவைத்து நடுவில் கட்டும் பல். அதனால் அந்த இரண்டு பற்களையும் பாருங்கள். இரண்டும் முழுசாக, ஒரு சொத்தைகூட இல்லாமல் இருந்தால் அவற்றைச் செதுக்கிப் பிரிட்ஜ் போட எனக்கு மனசு வராது. செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. அதே பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நல்ல யோசனைதான், வேலையும் சீக்கிரம் முடியும். இருவரும் ஒரே வாயைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எலும்புக்குள் உலோகத் திருகு என்கிறார்கள். உடம்பு அதை எப்படி ஏற்றுக்கொள்கிறது?

1952-இல் ஸ்வீடனில் பெர் இங்வார் பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்பு ஆறும்போது ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துவிட்டது. அவர் தேடிப்போனது பல் இல்லை, ஆனால் மாட்டியது இதுதான். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் அதே இம்பிளாண்ட்களோடு வாழ்ந்துவிட்டுப் போனார்.

டைட்டானியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். உடம்பு அதை அந்நியப் பொருளாகத் துரத்தாமல், எலும்பை அதன்மேலேயே வளர்த்துக்கொள்ளும். ஆனால் எலும்பு உயிரோடு இருக்க வேண்டும். துளை போடும்போது சூடு 47 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு பாதிக்கப்படும். அதனால்தான் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, சின்ன டிரில்லில் தொடங்கி ஒவ்வொரு அளவாக மெதுவாகப் பெரிதாக்குகிறோம். சில மாதம் கழித்து, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் இம்பிளாண்டைத் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். பிடித்திருந்தால் ‘டிங்’ என்று கணீரென்று கேட்கும். சத்தம் மொத்தையாக வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம். அதிர்வு தெரியும், வலி தெரியாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் வடியும். அதற்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, ஊசியின் மரப்பு போன பிறகும் கீழ் உதடு மரத்தே இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: “ஒரே நாளில் பல்” என்று விளம்பரம் வருகிறது. எங்கள் டாக்டர் நான்கு மாதம் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டுமே பொய் இல்லை. ஒரே நாளில் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல்.

திருகைப் போட்ட அன்று அது நிற்பது வெறும் பிடிமானத்தில், மரத்தில் ஆணி நிற்பதைப் போல. அடுத்த சில வாரங்களில் உடம்பு அந்தப் பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டுகிறது. பழைய பிடி தளர்ந்து புதுப்பிடி முழுசாக வராத ஓர் இடைவெளி, ஏறக்குறைய மூன்றாவது நான்காவது வாரத்தில் வரும். வலியெல்லாம் போய், “சரியாகிவிட்டது” என்று அந்தப் பக்கம் கடிக்க ஆரம்பிப்பதும் அதே நேரத்தில்தான்!

போடும்போதே நல்ல இறுக்கம் கிடைத்தால், 35 நியூட்டன் சென்டிமீட்டர் (திருகும் விசையின் அளவு) அளவுக்காவது, அன்றே தற்காலிகப் பல் வைக்கலாம். அதுவும் ஒற்றைப் பல் என்றால் எதிர்ப்பல் மேல் படாதபடி வைக்க வேண்டும். முழுத் தாடைக்கும் நான்கு இம்பிளாண்ட் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பட்டையில் கோக்கும் முறையில் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்வதால் உடனே பல் வைப்பது எளிது. உங்கள் டாக்டர் நான்கு மாதம் என்றால் எலும்பு மிருதுவாக இருந்திருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், சொல்வார்.

கேள்வி: மேல் கடைவாயில் எலும்பு போதாது, சைனஸைத் தூக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பெயர்தான் பயமுறுத்துகிறது. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் அது கீழ்நோக்கி விரியும், எலும்பு மெலியும். அறையின் அடியில் இருக்கும் சவ்வை மெல்ல உயர்த்தி, கீழே எலும்புத் தூள் நிரப்புவதுதான் சிகிச்சை. ஆறுவதற்குச் சில மாதம் கூடுதலாகும். குட்டையான இம்பிளாண்டால் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், சில சமயம் முடியும்.

எதற்கும் முன்னால் முப்பரிமாண ஸ்கேன். கீழ்த்தாடை என்றால் இன்னும் அவசியம். அங்கே ஓடும் நரம்புக்கு மேலே 2 மி.மீ. இடம் விட்டுத்தான் திருகு நிற்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு, எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறார்கள். கீழ்ப் பல் செட் நிற்கவே மாட்டேன் என்கிறது. இந்த வயதில் செய்யலாமா?

வயது தடையே இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அதுவும் இல்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-ஐத் தாண்டியிருந்தால் நான் ஒத்திப்போடுவேன்.

நான் நிறுத்தி யோசிப்பது அந்த ஊசியில். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளால், தாடையில் கைவைத்த பிறகு அந்த இடம் ஆறாமல் எலும்பு செத்துப்போவது அபூர்வமாக நடக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் அபாயம் அதிகம், தேய்மானத்துக்கான அளவில் குறைவு. ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி இரண்டையும் எழுதி எடுத்துப் போங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில ஊசிகளைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு உடையும் ஆபத்து இருக்கிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, எல்லாம் சாதகம் என்றால்? முழு வாய்க்கும் பல் கட்டத் தேவையில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்பிளாண்ட், அதன்மேல் ‘டக்’கென்று பொருந்தும் பல் செட். ஆடுகிற செட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று அம்மாவே சொல்வார்.

கேள்வி: பையனுக்கு 15 வயது. விளையாட்டில் முன்பல் போய்விட்டது. உடனே இம்பிளாண்ட் வைக்கலாமா?

வேண்டாம். இயற்கைப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை, மெல்லிய நார்களில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. தாடை வளர வளர அதுவும் கூடவே இறங்கும். இம்பிளாண்ட் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். ஐந்து வருடம் கழித்து மற்ற பற்கள் இறங்கியிருக்கும், இது மட்டும் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும் வரை, பக்கத்துப் பல்லின் பின்புறம் சின்னச் சிறகு போல ஒட்டும் பிரிட்ஜ் போதும்.

மற்றவர்களுக்காக: முழுசாகத் தெறித்து விழுந்த நிலைத்த பல்லை வேரில் தொடாமல், தேய்க்காமல் எடுத்து, முடிந்தால் உடனே அதே குழியில் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு நான்கு சிகரெட்தான். பரவாயில்லையா?

எலும்புக்கு ‘தான்’ தெரியாது. அடுத்த கேள்வி.

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் வைத்தது. வலியே இல்லை, ஆனால் பிரஷ் செய்யும்போது ரத்தம் வருகிறது.

வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இம்பிளாண்டுக்கு அந்த நார்களும் கிடையாது, உள்ளே நரம்பும் கிடையாது. சுற்றி எலும்பு பாதி கரைந்த பிறகும் அசையாமல் நிற்கும். ரத்தம்தான் முதல் எச்சரிக்கை. ஈறு மட்டும் வீங்கியிருந்தால் சுத்தம் செய்து மீட்டுவிடலாம், எலும்பு போக ஆரம்பித்தால் போனதை மீட்பது கஷ்டம். இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள்.

என் கை பட்ட தவறு ஒன்று: பல வருடம் முன்பு ஒருவருக்கு கிரவுனை, அதாவது இம்பிளாண்ட் மேல் வரும் பல்லை, சிமென்ட் வைத்து ஒட்டினேன். ஈற்றுக்கடியில் கடுகளவு சிமென்ட் தங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து இதே மாதிரி ரத்தத்தோடு வந்தார். திறந்து அந்தத் துணுக்கை எடுத்த பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து, முடிந்த இடத்திலெல்லாம் திருகி மாட்டும் கிரவுன்தான் போடுகிறேன். உங்களுடையது ஒட்டியதா, திருகியதா என்று கேளுங்கள்.

வீட்டில் சாதாரண பிரஷ் மட்டும் போதாது. இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் தினமும் வேண்டும்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பகுதியை எடுத்தால் அந்த இடத்தில் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவே. காந்தத்தில் நிற்கும் பல் செட் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இம்பிளாண்ட் பல் லேசாக ஆடுகிறது. எல்லாம் போச்சா? வைத்த டாக்டர் ஊரை விட்டே போய்விட்டார்.

பல நேரம் ஆடுவது இம்பிளாண்ட் இல்லை, கிரவுனை அதோடு பிணைக்கும் சின்ன ஸ்குரூ. இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஆடுகிற பல்லிலேயே மென்றுகொண்டிருந்தால் ஸ்குரூ உள்ளே உடையும், அப்புறம் வேலை பெரிதாகும். அதனால் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி ஸ்குரூவும் அதைத் திருப்பும் கருவியும் வேறு. வைத்த நாளில் ஓர் அட்டையோ, எண்கள் அச்சிட்ட ஒட்டுத்தாளோ கொடுத்திருப்பார்கள். அதில் கம்பெனி, விட்டம், நீளம், தொகுப்பு எண் எல்லாம் இருக்கும். பழைய ஃபைலில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரேயாவது எடுத்துப் போங்கள், திருகின் வடிவத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க வழி உண்டு.