இருபது வருடமாக ஜெபிக்கிறேன், உள்ளே வறண்டு கிடக்கிறது. ஆண்டவரை முழு இருதயத்தோடு நேசிப்பது எப்படி?

ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை, தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபமும் உண்டு, ஆனால் உதடு மட்டும்தான் அசைகிறது, அன்பு ஊறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் 2019 கோடை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. போதகர் சொல்வதுபோல் விளக்க எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் கிட்டத்தட்ட வற்றிப் போயின. நாங்கள் அப்போது வில்லிவாக்கத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டின் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். போர்வெல் மோட்டாரைப் போட்டால் வெறும் காற்றுதான் வரும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு.

ஒரு நாள் கீழ்வீட்டு அக்கா அவர் கணக்குக்கு மேல் இரண்டு குடம் பிடித்துவிட்டார். என் முறை வந்தபோது குழாயில் தண்ணீர் நூலாக வந்து நின்றுவிட்டது. நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். அவரும் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அன்று சாயங்காலமே சபையில் மழைக்காக உபவாச ஜெபம். எலியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம். அவனும் நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்தான், ஆனால் கருத்தாய் ஜெபம்பண்ணினான் என்று யாக்கோபு 5:17ஐ வாசித்தார்கள். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "அன்பின் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம், ஏறெடுக்கிற விண்ணப்பங்களுக்குச் செவிகொடும்" என்று தங்குதடையில்லாமல் வந்தது. அப்படி வந்ததுதான் என்னை உறுத்தியது. காலையில் தெருவில் கத்தியதும் இதே வாய்தான்.

ஜெபம்பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு என்கிறது மத்தேயு 6:6. ஐந்து பேர் இருக்கிற ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அறைவீட்டுக்கு எங்கே போவது? எல்லோரும் படுத்த பிறகு சமையலறைதான். அன்று இரவு அங்கே நீல நிற டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டிரம்மின் அடியில் நாலு விரல் தண்ணீர். குடிக்க மொண்டபோது பிளாஸ்டிக் மக் அடியில் போய் உரசியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஆண்டவரே, அந்த அக்காவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று உம்மிடம் பொய் சொல்ல முடியவில்லை. உம்மை நேசிக்கிறேனா என்றும் எனக்குத் தெரியவில்லை" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு, எதிரில் இருக்கிற ஒருவரிடம் பேசியதுபோல இருந்தது.

அப்புறம்தான் பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளின் கதையை வேதத்தில் மறுபடி வாசித்தேன். சீலோவில் இருந்த ஆலயத்தில் அவள் ஜெபிக்கும்போது உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்துவிடுகிறார். அவள் சொல்லும் பதில்: "நான் என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்" (1 சாமுவேல் 1:15). உங்களுக்கும் உதடுதான் அசைகிறது என்றீர்கள். அவளுக்கும் வெளியே தெரிந்தது அவ்வளவுதான். ஊற்றிவிடுவது என்றால் குடத்தைக் கவிழ்ப்பது. தண்ணீர் கஷ்டத்தில் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் தங்கிய செம்மண்ணும் சேர்ந்து வரும். நான் அத்தனை வருடமும் மேலே தெளிந்திருந்ததை மட்டும் டம்ளரில் மொண்டு ஆண்டவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கோபத்தையும் பொறாமையையும் அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்திருந்தேன் போல.

மாற்கு 12:30இல் முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனது, முழுப் பலம் என்று "முழு" நான்கு தடவை வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். அவ்வளவு அன்புக்கு நான் எங்கே போவேன்? இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால், ஒரு மூலையையும் பூட்டி வைக்காதே என்று சொல்வதாகத்தான் படுகிறது. இருக்கிற கொஞ்சத்தை மறைக்காமல் கொண்டுவரலாம். ஆனால் அடுத்த வசனமே பிறனை நேசிப்பதைப் பற்றியது. என் பிறன் கீழ்வீட்டில் இருந்தார்.

அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். நல்ல மனதோடு ஆரம்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் வராது. பிறகு ஒரு நாள், அவர் வீட்டு வாசலில் கயிறு நிறையப் படுக்கை விரிப்புகள் காய்வதைக் கவனித்தேன். மறுநாளும் அதே. அவர் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார் என்று எனக்குத் தெரியும்தான். தினமும் துவைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த இரண்டு குடம் எதற்கு என்று அப்போது புரிந்தது. பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவரைப் பார்க்கும் கண் எனக்கு வந்தது. அடுத்த லாரி வந்தபோது என் பையனை அனுப்பி இரண்டு குடத்தை அவர் வாசலில் வைக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினார். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அடுத்த வாரம் ஆடி பிறந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று மாடிப்படியில் சத்தம் கேட்டது. அக்கா தூக்குச்சட்டியோடு நின்றார். "வெங்காயம் அரிஞ்சு வெச்சுக்கோ, இது ஆறிப்போச்சு" என்றார். ஆண்டவர்மேல் எனக்கு அன்பு பொங்கியது என்று முதன்முதலில் உணர்ந்தது அந்தப் படிக்கட்டில்தான், சபையில் இல்லை.

சரி, ஊக்கமான ஜெபம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சத்தம், நேரம், கண்ணீர் இவற்றை வைத்து உங்களை அளக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் அழுது ஜெபிக்கும்போது நமக்கு வரவில்லையே என்று எத்தனையோ பேர் மருகுகிறார்கள். இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." பிடிபடுவதற்கு முன் கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. அதனால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று அவர் கண்டித்தது மனம் சேராத பேச்சை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எலியாவும் கர்மேல் மலையில் முகம் முழங்காலில் பட குனிந்திருந்து, மழைக்கு அறிகுறி தெரிகிறதா என்று பார்த்துவர வேலைக்காரனை ஏழு தடவை அனுப்பினான். ஆறு தடவை அவன் ஒன்றும் இல்லை என்றுதான் வந்து சொன்னான். என் வறண்ட நாட்களை அந்த ஆறில் ஒன்றாகத்தான் எண்ணிக்கொள்கிறேன்.

சொந்த வார்த்தை வராத நாளில் வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகத்திலிருந்து கடன் வாங்குங்கள். 42, 51, 62, 63 எனக்குப் பழகியவை. இதைச் சொல்லும்போது அந்தக் கால மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியிலிருந்து வந்து 1742 முதல் சென்னையில் இருந்தவர், வேப்பேரியில் பல வருடம் ஊழியம் செய்தவர். முழங்காலில் நின்று வேதத்தைத் தமிழாக்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். அவர் மொழிபெயர்ப்பின் சாயல் நம் கையிலிருக்கும் பழைய வேதாகமத்தில் இன்னும் உண்டு. வேப்பேரி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் அவருக்காக நன்றி சொல்வேன்.

நேரம் பற்றி ஒன்றே ஒன்று. காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம். அது நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இன்று இரவு வேறு எதுவும் தயாரிக்க வேண்டாம். இங்கே நீங்கள் எழுதிய கேள்வியையே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள், "உள்ளே வறண்டு கிடக்கிறது" என்ற வரி உட்பட. உங்கள் மனதுக்கு ஒட்டாத ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. "இந்தக் கேள்வியைக் கேட்டவர்" என்று சொல்லி இன்று நானும் ஜெபித்துக்கொள்கிறேன்.