கையெழுத்து மட்டும் மனைவியுடையதா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 36. என்னிடம் ஒரு பழைய யெஸ்டி பைக்கும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100-ம் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் வண்டியைப் பிரித்துப்போட இடமில்லாமல் தவிக்கும் என்னைப் போன்றவர்களுக்காக, நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து கணபதி பகுதியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, கருவிகளைப் பொதுவில் வைத்து, மாதச் சந்தா வாங்கலாம் என்றிருக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களும் வருவார்கள். முதலில் எந்தக் கருவிகளை வாங்குவது? சந்தா எவ்வளவு வைப்பது? என் நிறுவனத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்பதால் வாடகை ஒப்பந்தம் என் மனைவி பெயரில் இருக்கும். அவள் வீட்டில்தான் இருக்கிறாள், கையெழுத்துப் போடுவதில் சிரமம் இருக்காது.

பதில்: கருவிகளைக் கேட்டிருக்கிறீர்கள், சந்தாவைக் கேட்டிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சீட்டு நடத்த, லாரி வாங்க, கடை வைக்க என்று கணவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட பெண்கள் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்துக்கு எழுதி வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாளை முழுதாகப் படித்ததாக எழுதியதில்லை.

உங்கள் மனைவி எதற்குப் பொறுப்பேற்கப்போகிறார் என்று அவரிடம் சொன்னீர்களா? வழக்கமான பட்டறையில் தலைமை மெக்கானிக் ஒருவர் இருப்பார். அவர் வேண்டாம் என்றால் வேலை நின்றுவிடும். நீங்கள் தொடங்கவிருக்கும் இடத்திலோ சந்தா கட்டிய ஒவ்வொருவரும் தன் வண்டிக்குத் தானே மெக்கானிக். ஒருவர் ஒரு மூலையில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் எதிர்மூலையில் சைலன்சருக்கு வெல்டிங் வைப்பார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு பரவி, காரின் அடியில் நின்று வேலை செய்வதற்காகத் தோண்டிய குழியில் போய்த் தேங்கும். வேறொருவர் ஸ்டாண்டு கொடுக்காமல், வெறும் ஜாக்கியில் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் படுப்பார். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, அதை அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் எங்கோ பழைய இரும்புக் கடையில் வாங்கிய என்ஜினைப் பொருத்தி, அதன் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்றால், அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி விசாரிக்க வருகிறவர்கள் அந்த வேலை எந்த ஷெட்டில் நடந்தது, ஷெட் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்பார்கள். அப்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். வண்டியின் ஒரு திருகைக்கூடத் தொட்டிராத அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் ஆசையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. உங்கள் யெஸ்டியைச் செய்த மைசூரு ஆலை 1996இல் மூடப்பட்டது; ஆர்எக்ஸ் 100-ம் அதே ஆண்டோடு நின்றது. பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அதை ஓடும் நிலையில் வைத்திருக்க ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் தேவைதான். தேய்ந்த உதிரிபாகத்தைப் பார்த்து அதே அளவில் கடைந்து தரும் லேத் பட்டறைகள் நிறைந்த கோவையில் அது நன்றாகவே நடக்கும். ஆனால் உங்களுக்கு இருக்கும் தடையை மனைவியின் பெயரால் மறைத்துக்கொண்டு அதைத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். நிறுவனத்தையும் ஏமாற்றுகிறீர்கள், வீட்டையும் பணயம் வைக்கிறீர்கள். குடும்பத் தலைவன் என்கிறவன் ஆபத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டியவன். நீங்கள் அதை மனைவியின் தோளுக்கு மாற்றிவிட்டு, சிரமம் இருக்காது என்று எழுதுகிறீர்கள். வீட்டில் இருக்கிறவர் என்பதால் அவர் கையெழுத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுமா?

முதலில் உங்கள் நிறுவனத்திடம் எழுத்துமூலமாக அனுமதி கேளுங்கள். மறுத்தால், நண்பர்கள் நால்வரில் அத்தகைய தடை இல்லாதவர்கள் தங்கள் பெயரில் ஒப்பந்தம் போடட்டும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளிகள் ஒவ்வொருவரும் தொழிலின் கடன் முழுவதற்கும் பொறுப்பு என்பதால், கூட்டாளியின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை (எல்எல்பி) இதற்குப் பொருந்துமா என்று ஒரு பட்டயக் கணக்காளரிடம் கேட்கட்டும். யாரும் முன்வரவில்லை என்றால், அந்த நண்பர்கள் ஏற்கத் துணியாத பொறுப்பைத்தான் உங்கள் மனைவிக்குக் கொடுக்க இருந்தீர்கள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கருவிகள் பற்றிக் கேட்டீர்கள்: ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் தீயணைப்பான்களையும் மணல் வாளிகளையும் கனமான ஜாக்கி ஸ்டாண்டுகளையும் வாங்குங்கள், குழி தோண்டாதீர்கள், பெட்ரோல் வேலை நடக்கும் நேரத்தில் வெல்டிங் கூடாது என்று சுவரில் எழுதிவையுங்கள். சந்தாவை வாடகை, மின்கட்டணம், காப்பீடு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவுசெய்யலாம்.

அதற்கெல்லாம் முன்பாக, இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். கணக்கும் சாவியும் வருமானமும் என் கையில் இருக்குமானால் நானே நடத்துகிறேன் என்று அவர் சொன்னால், ஒப்பந்தம் தாராளமாக அவர் பெயரில் இருக்கட்டும், நீங்கள் சந்தா கட்டும் உறுப்பினராகப் போய் வாருங்கள். வேண்டாம் என்று சொன்னால், அவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று கேட்டு எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.