கன்னத்தில்தானே கத்தி வைத்தார்கள், கையை ஏன் தூக்க முடியவில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்றையே கேட்கின்றன: வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் உடம்பு ஏன் இப்படி வற்றிப்போகிறது? மும்பையில் பிசியோதெரபி செய்கிறவளுக்கு இது தினசரிக் கேள்வி. பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும், மூக்கில் குழாயும் கழுத்தில் தையலுமாக ஒருவரைப் பார்த்துவிடலாம்.

முதல் கடிதம்: தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன், வயது 46. வலது கன்னத்தில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். புண் ஆறிவிட்டது. ஆனால் வலது தோள் சரிந்து கிடக்கிறது. இட்லிப் பாத்திரத்தை ஏற்றி இறக்க முடியவில்லை, லோக்கல் ரயிலில் கைப்பிடியைக்கூட எட்டிப் பிடிக்க முடியவில்லை. கன்னத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

கன்னத்தோடு கழுத்திலும் கத்தி வைத்திருப்பார்கள். கண்ணாடியில் பாருங்கள், காதுக்குக் கீழிருந்து ஒரு நீளத் தழும்பு இறங்கும். வாய்ப் புற்று முதலில் பரவும் இடம் கழுத்து நெறிக்கட்டிகள் என்பதால் அவற்றையும் சேர்த்து எடுப்பது வழக்கம். அந்த நெறிக்கட்டிகளை ஒட்டித்தான் பதினோராவது மூளை நரம்பு ஓடுகிறது. பின்கழுத்திலிருந்து தோள்வரை விசிறிபோல் விரிந்த டிரபீசியஸ் தசையை இயக்குவது அது. கையை மேலே தூக்கும்போது தோள்பட்டை எலும்பைச் சுழற்றிக் கொடுப்பது இந்தத் தசை. நரம்பை வெட்டாமல் காப்பாற்றியிருந்தாலும், ஒதுக்கிப் பிடித்ததிலேயே அது அதிர்ந்து சில மாதங்கள் செயலிழந்து கிடக்கலாம். கட்டளை வராத தசை மெலிகிறது, தோள் சரிகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நரம்பு இருக்கிறதா, எடுக்கப்பட்டதா? இருந்தால் மீட்சிக்குப் பெரும்பாலும் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும். எடுத்திருந்தால் அந்தத் தசை திரும்பாது. அக்கம்பக்கத்துத் தசைகளை வலுவாக்கி வேலை வாங்க வேண்டும்.

இரண்டிலும் முதல் எதிரி மூட்டு இறுகிப்போவது. வலிக்கிறதே என்று கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால், நரம்பு விழிக்கும்போது மூட்டு பூட்டிக் கிடக்கும். மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் மற்றக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்தபடி இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுக்குப் பின்னால் நெருக்கிப் பிடித்து ஐந்து எண்ணுங்கள். ரப்பர் பட்டை, எடை எல்லாம் அடுத்த கட்டம். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துக் கூட்டட்டும். உட்காரும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். தொங்கும் தோளில் பை மாட்டாதீர்கள், பாத்திரமும் இப்போதைக்கு வேறொருவர் ஏற்றட்டும். ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏற வெட்கப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாத வெட்கம்.

அடுத்த கடிதம்: அப்பாவுக்கு 68 வயது, செம்பூரில் இருக்கிறோம். நாக்கில் அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. 62 கிலோ இருந்தவர் 51 கிலோ ஆகிவிட்டார். மூக்குக் குழாய் வழியாக ராகிக் கஞ்சி, இளநீர், பழச்சாறு, ரசத் தெளிவு எல்லாம் தவறாமல் கொடுக்கிறோம். கட்டிலை விட்டு இறங்க விடுவதே இல்லை. இருந்தும் தொடை எலும்பு தெரிகிறது.

மகளே, நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் அன்பு நிறைய இருக்கிறது, புரதம் இல்லை. இளநீரிலும் பழச்சாற்றிலும் ரசத் தெளிவிலும் சொல்லும்படியாக எதுவும் கிடையாது. 30 கிராம் ராகி மாவில் சுமார் 2 கிராம் புரதம்தான். உங்கள் அப்பாவின் நிலையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம்வரை புரதம் வேண்டும். 51 கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். கலோரி 1,500-க்குக் குறையக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாள் முழுவதற்கும் 750 மில்லி பாலில் 24 கிராம், வேகவைத்த இரண்டு முட்டையில் 12, குழைய வெந்த 60 கிராம் பாசிப்பருப்பில் 14, பொட்டுக்கடலை மாவு 30 கிராமில் 6, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 20 கிராமில் 7. ஆக 63. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி அளவில் கொடுக்கலாம். நடுநடுவே ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 45 கலோரி கூடும். பச்சை முட்டையைப் பாலில் அடித்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த உடம்புக்கு அது ஆபத்து. குழாயில் ஊற்றும்போது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இவ்வளவு நாள் குறைவாகச் சாப்பிட்டவருக்கு ஒரே நாளில் இதையெல்லாம் ஏற்றிவிடாதீர்கள். சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, உணவு ஆலோசகர் சொல்கிறபடி சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அடுத்ததைச் சொன்னால் கோபம் வரலாம். அப்பாவைப் படுக்கையிலேயே வைத்திருப்பது தவறு. என் அனுபவத்தில் புற்றுநோயாளி வீட்டில் அதிகத் தீங்கு செய்யும் வார்த்தை ‘நல்லா ஓய்வெடுங்க’. வேலை இல்லாத தசையில் போய்ப் புரதம் தங்காது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆசியர்களுக்காக 2019-ல் வகுத்த அளவுகோலின்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது. அதையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்: முடிந்த அளவு, நாளைக்கு மூன்று வேளை. எடை பார்க்கும் இயந்திரத்தைவிடத் தையல்காரரின் அளவு நாடா உதவும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.

குழாய் இருக்கிறதே என்று விழுங்குவதையே விட்டுவிட்டால் தொண்டைத் தசையும் மெலியும். எதை, எவ்வளவு வாய்வழி கொடுக்கலாம் என்று விழுங்கல் பயிற்சி நிபுணரிடம் கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் அதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

என் கணவருக்குக் கால் எலும்பை எடுத்துக் கீழ்த்தாடை செய்தார்கள். இனி நொண்டித்தான் நடப்பாரா? (முலுண்ட்)

பெரும்பாலும் இல்லை. எடுத்தது கெண்டைக்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. உடம்பைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு. முழங்கால், கணுக்கால் மூட்டுகளுக்காக இரு முனைகளையும் விட்டுத்தான் நடுப்பகுதியை எடுப்பார்கள். ஆனால் கால் கட்டைவிரலை மடக்கும் தசை அந்த எலும்பிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் விரல் சரியாக மடங்காமல் போகலாம், கணுக்கால் விறைக்கலாம். தரையில் துண்டை விரித்துக் கால்விரல்களால் சுருட்டி இழுக்கட்டும். சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். பரேல் ஸ்டேஷன் படிக்கட்டுகளை அவசரமில்லாமல் ஏறட்டும்.

மார்புத் தசையை எடுத்து வாய்க்குள் வைத்தார்கள். முதலில் கழுத்தெலும்பு மேல் புடைத்திருந்தது, இப்போது சுருங்குகிறது. கெட்டுப்போகிறதா?

இல்லை. 1979-ல் ஆரியன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் விவரித்த முறை இது. செலவு குறைவு, நம்பகமானது என்பதால் நம் நாட்டில் இன்றும் நிறையச் செய்கிறார்கள். தசை ரத்தக்குழாயோடு வருகிறது, அதை இயக்கும் நரம்பு பெரும்பாலும் வெட்டப்படுகிறது. ஆகவே சதை மாதக்கணக்கில் மெலியத்தான் செய்யும். கழுத்துப் புடைப்பு அமுங்குவது பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். மாறாகப் புதிதாகக் கெட்டியான கட்டி, ஆறாத புண், ரத்தக்கசிவு, காதுக்குள் குத்தும் வலி தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

ஜிம்மில் விற்கும் புரதப் பவுடர் கொடுக்கலாமா? நாங்கள் சைவம். (மாட்டுங்கா)

பால், தயிர், பருப்பு, சோயா, நிலக்கடலைக்குப் பிறகும் கணக்கு இடித்தால் கொடுக்கலாம், சிறுநீரகம் நன்றாக இருந்தால். அந்தப் பணத்துக்குப் பால் பவுடர் எவ்வளவு வரும் என்று முதலில் பாருங்கள்.

கதிர்வீச்சு முடிந்து பத்து மாதம். நன்றாகச் சாப்பிடுகிறேன், எடைகூட ஏறுகிறது. ஆனால் படி ஏறினால் தொடை கனக்கிறது, எப்போதும் தூக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை. (கல்யாண்)

மும்பையில் குளிர் தாங்கவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என்னை நிமிர வைத்தது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மெல்ல மெல்லச் சோர்ந்துபோவது உண்டு. தசை பலவீனமும் அதன் அறிகுறிகளில் ஒன்று. இந்த வாரமே டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டுதான் என்றால் மாத்திரையில் சரியாகும். பரிசோதனை முடிவு சரியாக இருந்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடக்கம். முப்பது நாளும் முடிந்த பிறகு பயிற்சி செய்யலாமா? புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்கு மட்டும் எப்போதாவது. (சயான் கோலிவாடா)

முடிந்த பிறகு என்றால் காலம் கடந்துவிடும். கதிர்வீச்சு தாடைத் தசைகளை நாராக இறுக்கும். அந்த இறுக்கம் சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் தொடரும். 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தாலே குறைபாடு என்கிறோம். சாதாரணமாக நம் விரல் மூன்று நுழைய வேண்டும். தாடை எலும்பில் தகடு வைத்திருந்தால் முதலில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுமதி வாங்குங்கள். பிறகு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகுங்கள். இழுக்கிறது, ஆனால் பொறுக்க முடிகிறது என்ற அளவில் சில நிமிடம் வைத்திருங்கள். நாளைக்கு ஐந்து முறை. எத்தனை குச்சி என்று காலண்டரில் குறியுங்கள். வாரத்துக்கு ஒரு குச்சி கூடினாலே நல்ல முன்னேற்றம். கதிர்வீச்சின் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வாய்ப்புண் வரும்போது எண்ணிக்கை குறையும். வலி மருந்து போட்டு அரை மணி கழித்துச் செய்யுங்கள், நிறுத்தாதீர்கள்.

பாக்கை நீங்கள் கடைசி வரியில் மெதுவாக நுழைத்திருக்கிறீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. வாயின் உள்தோலை நாராக்கி, வாயைத் திறக்கவிடாமல் செய்வதும் அதே பாக்குதான். பொட்டலத்தை இன்றே தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து எத்தனை குச்சி என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.