போர்த்தப்பட்ட நாடாளுமன்றம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாரீஸின் வெற்றி வளைவை 2021-இல் துணியால் சுற்றி மூடிய காணொளியை அண்மையில் பார்த்தேன். 16 நாட்களில் அனைத்தையும் பிரித்துவிட்டார்கள் என்று அறிந்தபோது வியப்பைவிட எரிச்சலே மிஞ்சியது. ஏற்கெனவே அழகாக நிற்கும் ஒரு கட்டடத்தை இவ்வளவு செலவு செய்து மூடிவைப்பதில் என்ன கலை இருக்கிறது? போரில் இறந்தவர்களின் நினைவிடத்தைப் பொட்டலம் கட்டுவது அவர்களை அவமதிப்பதாகாதா? நிலைத்து நிற்காத ஒன்றைக் கலை என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

முதலில் பணம். வெற்றி வளைவை மூடும் திட்டத்தை வகுத்த கலைஞர்களான கிறிஸ்டோவும் அவருடைய மனைவி ழான்-கிளோடும் இத்தகைய பணிகளுக்கு அரசின் பணத்தையோ நிறுவனங்களின் விளம்பர உதவியையோ ஏற்றதில்லை. பார்க்க வந்தவர்களிடம் கட்டணமும் வாங்கவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் கிறிஸ்டோ முன்கூட்டியே வரைந்த ஓவியங்களையும் ஒட்டுப்படங்களையும் விற்றுத்தான் செலவைச் சமாளித்தார்கள். நினைவிடத்தைப் பொறுத்தவரை, வளைவின் அடியில் உள்ள பெயரறியாப் போர்வீரரின் கல்லறையில் அணையாச் சுடருக்கு அன்றாடம் மாலையில் நடக்கும் சடங்கு, துணி மூடியிருந்த நாட்களிலும் தடையின்றி நடந்தது.

மூடுவதில் என்ன கலை என்ற கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் சொல்ல பாரீஸைவிட, 1995-இல் அவர்கள் ஜெர்மனியின் நாடாளுமன்றத்தைத் துணியால் மூடிய பெர்லின் பொருத்தமான இடம். 1894-இல் கட்டி முடிக்கப்பட்ட ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடம், 1933-இல் தீக்கிரையாகி ஹிட்லர் குடிமக்களின் உரிமைகளைப் பறிப்பதற்குச் சாக்காக அமைந்தது. 1945-இல் சோவியத் படைகள் அதன் மேல் கொடி ஏற்றின. 1961-க்குப் பிறகு பெர்லின் சுவர் அதன் கிழக்குப் புறத்தை ஒட்டியே சென்றது. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு காரணத்துக்காகப் பார்க்கத் தயங்கிய கட்டடம் அது. 1971-இல் பெர்லினிலிருந்து கிறிஸ்டோவுக்கு வந்த ஓர் அஞ்சலட்டையில் அதை மூடலாமே என்ற யோசனை எழுதப்பட்டிருந்தது. பல்கேரியாவில் பிறந்து, கம்யூனிச ஆட்சியிலிருந்து தப்பி மேற்கே வந்த கிறிஸ்டோவுக்கு, கிழக்கும் மேற்கும் முட்டிக்கொள்ளும் அந்த இடம் மனதில் தைத்ததில் வியப்பில்லை.

அனுமதி கேட்டு அவர்கள் அலைந்த காலம்தான் என்னைப் பெரிதும் கவர்கிறது. 1977, 1981, 1987 என மூன்று முறை மறுக்கப்பட்டது. சுவர் இடிந்து நாடு ஒன்றான பிறகு, நாடாளுமன்றத் தலைவர் ரீட்டா சூஸ்முத் ஆதரவாக நின்றார். பிரதமர் ஹெல்முட் கோல் எதிர்த்தார். 1994 பிப்ரவரி 25 அன்று நாடாளுமன்றமே இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. நாட்டின் அடையாளமாக நிற்கும் ஒரு கட்டடத்தை இப்படிச் சோதனைக்கு உட்படுத்தினால் மக்களிடையே பிளவுதான் வளரும் என்று கோலின் கட்சித் தலைவர்களில் ஒருவரான வொல்ஃப்காங் ஷொய்ப்லே எதிர்த்துப் பேசினார். அவருடைய அச்சம் அற்பமானதல்ல. உங்கள் கடிதத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதே அச்சம்தான். வாக்கெடுப்பில் 292 பேர் ஆதரித்தார்கள், 223 பேர் எதிர்த்தார்கள், 9 பேர் நடுநிலை வகித்தார்கள். அந்தக் கட்டடம் தங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதை மக்களின் பிரதிநிதிகள் எழுந்து நின்று சொல்ல வேண்டி வந்ததே, அதையும் நான் இந்தக் கலைப்படைப்பின் உள்ளேதான் சேர்ப்பேன். துணியும் கயிறும் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. 24 ஆண்டுகால வாதமும் வேண்டுகோளும் மறுப்பும் அதன் இன்னொரு பகுதி.

கண்ணுக்குத் தெரிந்த பகுதியும் எளிதானதல்ல. 1995 ஜூன் மாதத்தில், மலையேற்றப் பயிற்சி பெற்ற 90 பேர் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியபடி இறங்கி, சுருட்டி வைத்திருந்த துணியைச் சுவர்மீது சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு லட்சம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பாலிப்ரொப்பிலீன் துணி, அலுமினியப் பூச்சு கொண்டது. அதை இழுத்துக் கட்ட 15 கிலோமீட்டருக்கும் அதிகமான நீலக் கயிறு. சிலைகளின் மேலும் கூரையின் விளிம்பிலும் எஃகுச் சட்டங்களைப் பொருத்தியிருந்ததால், துணி சிற்பங்களில் உரசாமல் மடிப்பு மடிப்பாகத் தரைவரை விழுந்தது. தூண்களின் வேலைப்பாடுகளும், 1916-இல் முகப்பில் பதித்த ‘ஜெர்மானிய மக்களுக்கு’ என்ற வாசகமும் மறைந்தன. நான்கு மூலைக் கோபுரங்களும் கட்டடத்தின் பருமனும் மட்டும் எஞ்சின. எந்த ஆட்சியின் முத்திரையும் இல்லாமல், வெறும் உருவமாக மக்கள் அதை முதன்முறையாகப் பார்த்தார்கள். மேகம் சூழ்ந்தால் சாம்பல் நிறம், மாலை வெயிலில் பொன்னிறம் என்று அது மாறிக்கொண்டே இருந்தது. மறைத்தது போலத் தெரிந்தாலும், அவர்கள் செய்தது காட்டியதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிலைத்து நிற்காததை எப்படி ஏற்பது என்று கேட்கிறீர்கள். ஜூன் 24-க்குள் பணி முடிந்தது. இரண்டு வாரத்தில் 50 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். இன்னும் சில நாட்கள் வைத்திருங்கள் என்ற வேண்டுகோளைக் கலைஞர்கள் ஏற்கவில்லை. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். நிரந்தரமாக மூடி வைத்திருந்தால் சில மாதங்களில் அந்தத் துணியும் சுவரைப்போலவே கவனிக்கப்படாமல் போயிருக்கும். விற்பதற்கும் வாங்குவதற்கும் உரிய பொருளாகவும் ஆகியிருக்கும். குறிப்பிட்ட நாளில் போய்விடும் என்று தெரிந்ததால்தான் மக்கள் வேலையை விட்டுவிட்டுப் புல்வெளியில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பின்னர் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபோஸ்டரின் புனரமைப்பு தொடங்கி, 1999-இல் நாடாளுமன்றம் அங்கே குடியேறியது.

வெற்றி வளைவை நான் இதற்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். அதை மூடும் எண்ணம் கிறிஸ்டோவுக்கு 1960-களின் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் அனுமதி பெர்லினைப்போல நாட்டை உலுக்காமல் கிடைத்துவிட்டது. பணி நடக்கும்போது அவரும் உயிருடன் இல்லை. 2020 மே 31 அன்று அவர் காலமானார், ழான்-கிளோட் 2009-லேயே மறைந்துவிட்டார். வெள்ளி கலந்த நீலத் துணியும் சிவப்புக் கயிறும் அழகாக இருந்தன. எனினும், அந்த அழகுக்குப் பின்னால் பெர்லினில் இருந்த அளவுக்கு ஒரு நாட்டின் வாதம் இல்லை. எனவே உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு நியாயம் உண்டு என்றே எண்ணுகிறேன். நேரம் கிடைக்கும்போது 1994 விவாதத்தின் உரைகளைத் தேடிப் படியுங்கள், குறிப்பாக எதிர்த்துப் பேசியவர்களுடையதை.