சின்னக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி? - வாசகர் கேள்விகள்

பாய்மரக் காலத்துக் கடற்போரை மேசை மேல் ஆடுபவர்கள் பலரும் சின்னக் கப்பல்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். 74 பீரங்கிக் கப்பல்களை வரிசையாக நிறுத்தி ஆடி அலுத்துப்போனவர்கள் போலிருக்கிறது.

கேள்வி (மதுரை வாசகர்): ஃபிரிகேட்டுக்கு (மூன்று பாய்மர நடுத்தரப் போர்க்கப்பல்) கீழே உள்ள மாதிரிக் கப்பல் ஒன்று வாங்கப்போகிறேன். ஒரு அட்டையில் "18 பீரங்கி பிரிக்" (இரண்டு பாய்மரக் கப்பல்), இன்னொன்றில் "10 பீரங்கி பிரிக்" என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் விலை ஒன்றுதான். எதை வாங்குவது?

பதில்: யோசிக்காமல் 18-ஐ வாங்குங்கள். அது அநேகமாக பிரிட்டிஷ் கடற்படையின் குரூசர் வகையாக இருக்கும். வில்லியம் ரூல் போட்ட வரைபடத்தை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள். நெப்போலியன் காலத்தில் எந்தக் கடலை வைத்து ஆடினாலும் பொருந்தும்.

இனி அட்டையில் உள்ள எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து ஒரே வீச்சில் போகும் குண்டுகளின் எடையைக் கூட்டிப் பாருங்கள். குரூசர் வகையில் 32 பவுண்டு கரோனேட் (32 பவுண்டு குண்டைச் சுடும் குட்டைப் பீரங்கி) 16, 6 பவுண்டு நீளப் பீரங்கி 2. ஒரு பக்கத்துக்கு 8 × 32, அதோடு ஒரு 6. ஆக 262 பவுண்டு. 26 பன்னிரண்டு பவுண்டு பீரங்கியும் 6 ஆறு பவுண்டு பீரங்கியும் ஏற்றிய பழைய 32 பீரங்கி ஃபிரிகேட்டுக்கு 174-தான் வரும். ஃபிரிகேட்டைவிட பிரிக்குக்குக் கனம் அதிகம்!

அந்த 10 பீரங்கி பிரிக் செரோக்கி வகை. 18 பவுண்டு கரோனேட் 8, 6 பவுண்டு பீரங்கி 2. கூட்டினால் 78 பவுண்டு. மாலுமிகளே அதற்குச் "சவப்பெட்டி பிரிக்" என்று பெயர் வைத்திருந்தார்கள். டார்வின் போன பீகிள் இந்த வகைதான், ஆனால் அவர் ஏறுவதற்கு முன்பே மூன்றாவது பாய்மரம் சேர்த்துவிட்டார்கள். ஆய்வுப் பயணத்துக்கும் கடிதம் சுமக்கவும் சரி, சண்டைக்கு வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகி): கரோனேட் ஏற்றிய பிரிக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் தோற்கிறேன். எதிராளியிடம் இருப்பது சாதாரண 12 பவுண்டு பீரங்கிகள்தான். எங்கே தப்பு?

பதில்: தூரத்தில். 32 பவுண்டு நீளப் பீரங்கி ஏறக்குறைய 2,800 கிலோ, அதே குண்டைப் போடும் கரோனேட் 900 கிலோகூட வராது. குட்டைக் குழல், மெல்லிய சுவர். நீளப் பீரங்கிக்குக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வெடிமருந்து போடுவார்கள். இதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் குண்டு மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். 300, 400 கெஜத்துக்குள் பலகையைப் பிளந்து சிதறடிக்கும். அதைத் தாண்டினால் மருந்துக்குப் பிடித்த கேடு.

1814 மார்ச் 28 அன்று வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியே நடந்தது இதுதான். அமெரிக்க ஃபிரிகேட் எஸ்ஸெக்ஸில் 32 பவுண்டு கரோனேட் 40 இருந்தது, நீளப் பீரங்கி ஆறே ஆறு. பிரிட்டிஷ் ஃபீபி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு நீளப் பீரங்கியால் அடித்தே சரணடைய வைத்தது.

உங்கள் விதிப் புத்தகத்தில் இரண்டு வகைக்கும் ஒரே தூர அட்டவணை இருந்தால் மாற்றுங்கள். ஒரு கட்டம் 100 கெஜம் என்று வைத்தால், கரோனேடுக்கு 3 கட்டம் வரை முழு பலம், 4-லும் 5-லும் பாதி, அதற்கு மேல் பூஜ்யம். நீளப் பீரங்கிக்கு 3 வரை முழு, 8 வரை பாதி, 12 வரை கால். பிறகு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நேராக எதிரி மேல் பாயுங்கள். தூரத்தில் வட்டமடித்தால் எஸ்ஸெக்ஸ் கதிதான்.

இன்னொரு சேதாரமும் உண்டு. கரோனேட் சக்கர வண்டியில் ஓடாது; சறுக்குக் கட்டையில் உட்கார்ந்து, கப்பல் பக்கத்தில் அடித்த ஆணியோடு பிணைந்திருக்கும். 1814 ஏப்ரலில் குரூசர் வகை எபர்வியர் சுடத் தொடங்கியதும் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு கரோனேட்கள் கவிழ்ந்தன. பயிற்சி குறைந்த கப்பலுக்கு, பகடையில் 1 விழுந்தால் ஒரு கரோனேட் போச்சு என்று விதி வையுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): இரண்டு பாய்மரப் பிரிக், மூன்று பாய்மர ஸ்லூப். பீரங்கி சமமாக இருந்தால் எது மேல்?

பதில்: அடி வாங்காதவரை பிரிக். ஆள் குறைவாகப் போதும். அடி வாங்கத் தொடங்கினால் ஸ்லூப்.

இதற்கு அளவெடுத்தாற்போல ஒரு சண்டை இருக்கிறது. 1812 அக்டோபர் 18, அமெரிக்க ஸ்லூப் வாஸ்ப், பிரிட்டிஷ் பிரிக் ஃப்ராலிக். இரண்டிலும் 32 பவுண்டு கரோனேட் 16. கடல் கொந்தளிப்பு. பிரிட்டிஷார் கப்பல் அலைமேல் எழும்போது சுட்டார்கள், குண்டு கயிறுகளையும் மரங்களையும் அறுத்தது. வாஸ்ப் தாழும்போது சுட்டது, குண்டு உடலில் இறங்கியது. சில நிமிடங்களிலேயே வாஸ்ப்பின் நடு மரத்து உச்சி ஒடிந்து விழுந்தது. ஆனாலும் மூன்று மரத்தில் மிச்சமிருந்த பாய்கள் திருப்பப் போதுமாக இருந்தன. ஃப்ராலிக்கின் பெரிய பருமல் (பாயைத் தொங்கவிடும் குறுக்குக் கட்டை) முந்தைய புயலிலேயே போய்விட்டது. இப்போது பின் மரத்தின் சாய்பாயைத் தாங்கும் கட்டையைப் பிடித்திருந்த கயிறுகளும் அறுபட்டன. பின்மரத்தில் பாயே இல்லையென்றால் பிரிக்கின் அணியம் (முன்முனை) காற்றோடு விலகிக்கொண்டே போகும், சுக்கானால் பிடிக்க முடியாது. வாஸ்ப் முன்னால் குறுக்கே வந்து நீளவாக்கில் சுட்டது, பிறகு ஏறிப் பிடித்தது. (அன்றே 74 பீரங்கிக் கப்பலான பொய்ட்டியர்ஸ் வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது வேறு கதை.)

விதியில்: பிரிக்கின் பின்பாய் போனால் காற்றை எதிர்த்துத் திரும்பவே கூடாது. ஸ்லூப்புக்குத் திரும்பும் வேகம் பாதி.

கேள்வி (திருச்சி வாசகர்): காற்றுக்கு எதிராகத் திருப்பும்போது என் கப்பல் பாதியில் நின்றுவிடுகிறது. விதி தப்பா?

பதில்: விதி சரி, நீங்கள் வேகம் இல்லாமல் திருப்புகிறீர்கள்.

சதுரப்பாய்க் கப்பல் காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 67 பாகை தள்ளித்தான் ஓடும். அதனால் காற்றை முகத்தில் வாங்கித் திரும்ப 135 பாகை கடக்கவேண்டும். முதலில் நல்ல வேகம் எடுப்பார்கள். சுக்கானைத் திருப்பியதும் முன்பாய்களை இறுக்கிப் பிடிக்கும் தாமான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்பாயை நடுவுக்கு இழுப்பார்கள். அணியம் காற்றை நெருங்கும்போது பின்மரத்துப் பருமல்களைச் சுழற்றுவார்கள். முன்மரத்துப் பாய்களை மட்டும் அப்படியே விட்டு, எதிர்க்காற்று அவற்றின் முகத்தில் அடித்து அணியத்தை மறுபக்கம் தள்ளும்வரை காத்திருப்பார்கள். தள்ளிய பிறகுதான் முன்பருமலைச் சுழற்றுவது. வேகம் குறைந்தாலோ, எதிர் அலை மொத்தினாலோ, பின்மரத்தை அவசரப்பட்டுச் சுழற்றினாலோ கப்பல் நின்று பின்னோக்கி நகரும்.

சந்தேகம் இருந்தால் காற்றை முதுகில் வாங்கித் திரும்புங்கள். 225 பாகை சுற்றவேண்டும், காற்று அடித்துச் செல்லும் பக்கமாக இரண்டு மூன்று கட்டம் இழப்பீர்கள், ஆனால் நிற்காது.

கேள்வி (சென்னை வாசகர்): 14 பீரங்கி ஸ்பீடி 32 பீரங்கிக் கப்பலைப் பிடித்தது உண்மையா? விளையாட்டில் எப்படிப் போட்டாலும் நடக்கவில்லை.

பதில்: உண்மை. 1801 மே 6, பார்சிலோனாவுக்கு அருகே. பிரிட்டிஷ் கேப்டன் காக்ரேனின் ஸ்பீடி பிரிக்கில் 54 பேர், ஸ்பெயினின் எல் காமோவில் 319 பேர். ஸ்பீடியின் ஒரு பக்க வீச்சு 28 பவுண்டு, அவ்வளவுதான்! அமெரிக்கக் கொடியைக் காட்டிக்கொண்டு நெருங்கி, எதிரியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. காமோவின் பீரங்கிகள் உயரத்தில் இருந்ததால் குண்டு தலைக்கு மேலே போனது. ஸ்பீடி மேல்நோக்கிச் சுட்டது. எதிரிகள் ஏறிக்குதிக்கக் கூடும்போதெல்லாம் கொஞ்சம் விலகிச் சுட்டு, கடைசியில் மருத்துவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். "ஒட்டி நின்றால் உயரக் கப்பலின் குண்டு பாதி வீண்" என்ற விதி இல்லாமல் இதை ஆட முடியாது.

கேள்வி (மும்பை வாசகி): மராத்தியக் கடற்தலைவர் ஆங்கரேயின் படையைக் குரூசர் பிரிக்குகளோடு மோதவிடலாமா?

பதில்: கூடாது. ஆங்கரேயின் கடற்கோட்டையான விஜயதுர்க்கம் 1756 பிப்ரவரியில் விழுந்தது. கரோனேட் ஸ்காட்லாந்தின் கரோன் இரும்பாலையிலிருந்து வந்தது 1770-களின் கடைசியில். 6, 9 பவுண்டு நீளப் பீரங்கி ஏற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலை எதிரே வையுங்கள்.

ஆங்கரே பக்கம் குராப், கல்லிவாத் என்று இரண்டு வகை. இரண்டு மர குராப் 150 டன், மூன்று மரம் என்றால் 300 டன் வரை. ஆழம் குறைவு, அணியத்தில் முன்னோக்கிச் சுடும் 9 அல்லது 12 பவுண்டு பீரங்கி இரண்டு. கல்லிவாத் பெரும்பாலும் 70 டன்னுக்குள், 40, 50 துடுப்பு, மணிக்கு நாலு மைல். பெரியவற்றில் 2 முதல் 4 பவுண்டு பீரங்கி ஆறோ எட்டோ இருக்கும். காற்று செத்த நேரத்தில் கல்லிவாத்கள் குராப்பைக் கயிறு கட்டி இழுத்து எதிரியின் பின்புறம் நிறுத்தும். குராப் முதலில் பாய்மரங்களைக் குறிவைக்கும். எதிரி முடமானதும் எல்லாப் பக்கமும் சூழ்ந்து ஏறுவார்கள்.

ஆட்டத்தை காற்று பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பகடை போட்டு, 6 விழுந்தால் காற்று எழும்பட்டும். அதற்குள் எதிரியின் ஒரு மரத்தையாவது சாய்க்காவிட்டால், கல்லிவாத்களை ஆழமில்லாத கரைப் பக்கம் ஓட்டிவிடுங்கள்.