வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: முதல் உலகப்போர்ல எத்தனை குண்டுக்கும் தப்பிச்ச வாரியர்ங்கிற குதிரையோட ஓனர் யாரு சார்?

பதில்: ஜாக் சீலி. தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் போர்ல இருக்கும்போதே 1900ல பிரிட்டன்ல எம்.பி. ஆனவர், 1904ல கன்சர்வேட்டிவ் கட்சிய விட்டு லிபரலுக்கு தாவி, 1912ல போர் மந்திரியும் ஆயி, 1914ல அயர்லாந்து கர்ரா முகாம் ராணுவ அதிகாரிங்க ராஜினாமா பண்ணுவோம்னு மிரட்டின விவகாரத்துல பதவிய விட்டார். அரசியல் கிடக்கட்டும், குதிரைதான் ஹீரோ! 1908ல ஐல் ஆஃப் வைட் தீவுல பிறந்தது, 1914ல இவரோட பிரான்ஸ் போயி, சோம், பாஷண்டேல்னு போர்க்களத்து நரகம் எல்லாத்தையும் பார்த்துட்டு, 1918 மார்ச் 30ல பிரான்ஸோட மோரெய் காட்டுல கனடா குதிரைப்படைக்கு முன்னாடி இவரை சுமந்துட்டு பாஞ்சிருக்கு. உசுரோட ஊர் திரும்பி, 1922ல அதே தேதில உள்ளூர் ரேஸ்ல வேற ஜெயிச்சுது. 1941ல செத்துச்சு, வீரமான விலங்குகளுக்கு தர்ற டிக்கின் மெடல் குடுத்தது 2014லதான்.