நம்ம தெருவில் ஹாஸ்டல் வரலாமா? கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

எங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் இந்தமுறை சாக்கடையைவிட அதிகமாகப் பேசப்பட்டது ஹாஸ்டல்தான். "குடும்பங்கள் இருக்கிற தெருவில் ஹாஸ்டல், பீஜி, பேச்சிலர் ரூம் எதுவும் கூடாதுன்னு சட்டம் போடணும்" என்று ஒரு தரப்பு. "அப்போ வேலைக்கு வர்ற பசங்க எங்க போவாங்க?" என்று இன்னொரு தரப்பு. தண்டையார்பேட்டையில் முப்பது வருடமாகப் பிளான் வரைந்து அப்ரூவல் வாங்கித் தருகிறவன் நான். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை, வீட்டு உரிமையாளர்: சார், கவுன்சிலர்கிட்ட மனு குடுத்து மன்றத்துல தீர்மானம் போட வெச்சா, எங்க தெருவுல ஹாஸ்டலே வராம நிறுத்திடலாமா?

முடியாதுங்க. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்வது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். அதைப் போடுவது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ஒப்புதல் தருவது மாநில அரசு. 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை அங்கேதான் வைத்திருக்கிறது. நாம் இப்போது இருப்பது 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின்கீழ். அதற்கு 2026 வரைதான் கணக்கு. உயரம், செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), பார்க்கிங் எல்லாம் 2019ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இருக்கிறது.

மாநகராட்சி கையில் என்ன இருக்கிறது என்றால், 10,000 சதுர அடி, எட்டு வீடு வரையிலான சின்னக் கட்டடங்களுக்குப் பிளான் அனுமதி, சுகாதாரச் சான்று, குப்பை, சொத்து வரி. தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம், நல்லதுதான். ஆனால் தீர்மானமே சட்டமாகிவிடாது.

மனு எழுதுவதற்கு முன்னால் உங்கள் தெரு எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். சர்வே நம்பரைப் போட்டால் சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே தெரியும். முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, தொழிலா என்று. "எங்க தெரு சுத்தமான ரெசிடென்ஷியல்" என்று கூட்டத்தில் கத்தியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? வடசென்னையில் பாதித் தெருவில் கீழே பட்டறை, மேலே வீடு. வரைபடத்தில் என்ன கலர் என்று பார்க்காமல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

2027இலிருந்து 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. எழுத வேண்டிய மனுவை அங்கே எழுதுங்கள். வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை, ஆலோசனை சொல்லச் சட்டப்படி இடம் உண்டு.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஊர் மன்றமே இதையெல்லாம் முடிவு செய்யும் என்கிறாள். ஒரு வீட்டில் உறவில்லாதவர்கள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்றுகூட விதி உண்டாமே?

உண்மைதாம்மா. அங்கே ஊருக்கு ஊர் விதி. நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்று ஒரு சின்ன கிராமம். சொந்தபந்தம் இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரே வீட்டில் குடித்தனம் இருக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். ஆறு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு வழக்காகி, 1974இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றுவிட்டது. ஆனால் 1985இல் டெக்ஸாஸில் கிளிபர்ன் என்கிற ஊர், மனவளர்ச்சி குன்றிய பதிமூன்று பேர் சேர்ந்து வாழ இருந்த இல்லத்துக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும் என்று மறித்தது. அதே நீதிமன்றம் அது செல்லாது என்றது. மற்ற ஹாஸ்டலுக்கெல்லாம் கேட்காத அனுமதியை இவர்களிடம் மட்டும் கேட்பதற்கு, பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்று கண்டார்கள்.

நான் அந்த இரண்டாவது தீர்ப்பின் பக்கம். நம் கூட்டத்தில் பேசியவர்கள் கேட்டது முதல் மாதிரி விதி. பி அண்டு சி நெசவு மில் ஓடிய காலத்தில் பெரம்பூர், புளியந்தோப்பில் ஒரு அறையில் எட்டுப் பேர் ஷிப்டு மாற்றிப் படுத்தார்கள். ஒருத்தர் எழுந்து போனால் அதே பாயில் இன்னொருத்தர். இங்கே வீட்டுக்காரராக இருக்கும் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தப் பாயில் படுத்தவர்தான். அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் நம் குடும்பங்கள் இந்த ஊருக்குள்ளேயே வந்திருக்காது.

பழைய வண்ணாரப்பேட்டை, பக்கத்து வீட்டுக்காரர்: ஸ்டில்ட் பிளஸ் மூணுன்னு (கீழே தூண் மட்டும், மேலே மூணு மாடி) பிளான் வாங்கிட்டு, கார் நிறுத்துற இடத்தைச் சுவர் வெச்சு அடைச்சு கட்டில் போட்டுட்டாங்க. இதுவும் ஓகேவா அண்ணா?

இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அப்படி ஒரு இடத்துக்கு நானே போயிருக்கிறேன், வேறொரு பில்டிங் அளக்கப் போனபோது பக்கத்தில். படிக்கட்டு அடியில் கிடந்த செருப்பை எண்ணினேன். நாற்பத்தி மூன்று ஜோடி. ஹாலோ பிளாக் சுவர், மேலே ஒரு அடி இடைவெளி, அதுதான் காற்று வருகிற வழி. உள்ளே மூன்றடுக்கு இரும்புக் கட்டில். மேல் கட்டிலில் படுப்பவன் எழுந்து உட்கார முடியாது, தலை பீமில் இடிக்கும். வெளியேற ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர். அதற்கு நேர் மேலே மீட்டர் பெட்டி. படிக்கட்டு அகலம் டேப் வைத்துப் பார்த்தேன், இரண்டேகால் அடி.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது பிளானை மீறிய கட்டடம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் விடலாம், சீல் வைக்கலாம். "ரெகுலரைசேஷன் பண்ணிக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். அதே சட்டத்தின் 113-சி பிரிவில் வரன்முறைப்படுத்தும் சலுகை 1.7.2007க்குள் கட்டி முடித்த கட்டடத்துக்குத்தான்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புகார் எழுதும்போது "வடநாட்டுப் பசங்க தொல்லை" என்று எழுதாதீர்கள். "ஸ்டில்ட் அடைக்கப்பட்டிருக்கிறது, ஒரே வழி, சிலிண்டர் வாசலில்" என்று எழுதுங்கள், போட்டோவோடு. முதல் மாதிரி எழுதினால் போலீஸ் வந்து பசங்களை விரட்டும். அடுத்த மாதம் அதே கட்டிலில் வேறு பசங்க. இரண்டாவது மாதிரி எழுதினால் கட்டடத்துக்காரர் பதில் சொல்ல வேண்டி வரும்.

தண்டையார்பேட்டை, குடும்பத்தலைவி: எனக்கு ஆளுங்க மேல கோபம் இல்லீங்க. எங்க தெரு தண்ணி, டிரைனேஜ் தாங்குமா? அதைச் சொல்லுங்க.

நியாயமான கேள்வி இதுதாம்மா. கணக்குப் போடுவோம். ஹாஸ்டலுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. முப்பது பேர் என்றால் 4,050 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரி இரண்டு நாளைக்குத்தான் வரும். அதே மனையில் முன்பு இரண்டு குடும்பம், எட்டுப் பேர் இருந்திருந்தால் 1,080 லிட்டர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் திரும்ப உங்கள் தெரு பைப்பில்தான் போகும். எட்டுப் பேருக்குப் போட்ட கனெக்ஷன் முப்பது பேருக்குத் தாங்காமல் மேன்ஹோல் வழியாகப் பொங்கினால், அந்தப் பிழை தங்கியிருப்பவர்களுடையது இல்லை. ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்த கனெக்ஷன் வாங்காதவர் பிழை.

கழிப்பறைக்கும் கணக்கு உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஹாஸ்டலில் ஆண்கள் என்றால் எட்டுப் பேருக்கு ஒன்று, பெண்கள் என்றால் ஆறு பேருக்கு ஒன்று. நான் பார்த்த பல இடங்களில் இருபது பேருக்கு ஒன்று. மண்டல அலுவலகத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்: கட்டில் எத்தனை, கக்கூஸ் எத்தனை, சம்ப் எத்தனை லிட்டர்.

ராயபுரம், இடம் வைத்திருப்பவர்: ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துல நர்ஸ் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் நடத்தலாம்னு இருக்கேன். என்னென்ன வாங்கணும்?

பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்துவது. கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். சமூகநல அலுவலகம் வழியாகப் போகும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று கேட்பார்கள். அலையத்தான் வேண்டும். ஆனால் தீயணைப்புச் சான்றை மட்டும் யாரையோ பிடித்து வாங்கிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலை பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. உயிர்கள் போயின. அது பழைய, பலவீனமான கட்டடம்.

ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று 2024இல் கவுன்சில் முடிவெடுத்தது.

மணலி, காண்டிராக்டரிடம் வேலை செய்யும் சூப்பர்வைசர்: ஆம்பளைப் பசங்களுக்கும் அந்த லைசென்ஸ் உண்டா?

அந்தச் சட்டத்தில் இல்லை தம்பி. இதுதான் நம் ஊரில் பெரிய ஓட்டை. துறைமுகம், கண்டெய்னர் யார்டு, எண்ணூர், மணலி என்று இங்கே வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் படுக்கும் இடத்துக்கென்று தனியாக ஒரு லைசென்ஸ், வருடாந்திர ஆய்வு என்று எதுவும் அந்தச் சட்டத்தில் வரவில்லை. பொதுவான கட்டட விதி, தீ விதியோடு சரி. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 பேர் தங்கும் விடுதியை மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வடசென்னையில் ஆண்களுக்கு அப்படி ஆயிரம் கட்டில் கட்டினாலே ஸ்டில்டை அடைத்து வாடகை பறிக்கும் ஆட்களின் பிடி தளரும். கூட்டத்தில் தடை கேட்டவர்கள் இதைக் கேட்டிருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இடம் எங்கே என்பதும் முக்கியம். வாடகை குறைவு என்று தொழிற்சாலை மதிலை ஒட்டிப் பசங்களைப் படுக்க வைக்கிறார்கள். மணலி, எண்ணூர் பகுதியில் முழுமைத் திட்டமே சில இடங்களை அபாயகரமான தொழில் பகுதி என்று குறித்திருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி நடுரோட்டுக்கு ஓடி வந்தார்கள். ஊர்க்காரர்களுக்காவது ஒருத்தரை ஒருத்தர் எழுப்பிவிடச் சொந்தம் இருந்தது. மொழி தெரியாமல் ஒரே கதவுக்குள் நாற்பது பேர் படுத்திருந்தால்?

ராயபுரம், பெயர் சொல்ல விரும்பாதவர்: எங்க பக்கத்து வீட்டை மனநலம் சரியாகி வந்தவங்களுக்கு வாடகைக்கு விடப் போறாங்களாம். வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு. தப்பா நினைக்காதீங்க, பயமா இருக்கு.

தப்பாக நினைக்கவில்லை. பயத்தை வெளியே சொன்னதே நல்லது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் நடந்தது நினைவிருக்கும். ஊரை விட்டு ஒதுக்கி, கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருந்த 28 பேர் தீயில் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். ஆட்களை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் நடப்பது அது. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் மாறியது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், குணமானவர்கள் சமூகத்துக்குள் வாழும் உரிமையைச் சொல்கிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. நான்கைந்து பேர் ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு இருப்பது குடித்தனம்தான். நம் சென்னையில் தொடங்கிய தி பேனியன் அமைப்பு பல வருடமாகச் சாதாரணத் தெருக்களில் இப்படி வாடகை வீடு பிடித்து நடத்துகிறது.

நானும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன், வேறொரு அமைப்பு நடத்துவது. பாத்ரூமில் கைப்பிடி வைக்க அளவெடுக்க. ஐந்து பெண்கள். கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருந்தது: யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் பிடிக்கும் முறை என்று. ஒரு பெயரை அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயர். "அவளுக்குக் கால் வலி, நான் பிடிக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றார் ஒரு அம்மா. எனக்கு டீ கொடுத்துவிட்டு, சில்லறை எண்ணி எதிர்க் கடைக்குப் பால் வாங்கப் போனார். அந்தத் தெருவில் அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடத்துகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ராத்திரி யார் இருப்பார்கள், அவசரம் என்றால் எந்த நம்பர் என்று கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள்.

வியாசர்பாடி, முதன்முறை வேலைக்குப் போகும் இளைஞர்: அண்ணா, தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கத்துல ரூம் பாக்குறேன். எதைப் பாத்து எடுக்கணும்?

காலையில் ஏழு மணிக்குப் போய்ப் பாருப்பா. சாயங்காலம் போனால் எல்லா ஹாஸ்டலும் அழகாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குப் பாத்ரூம் வாசலில் எத்தனை பேர் பக்கெட்டோடு நிற்கிறார்கள் என்று எண்ணு. ஜன்னல் கிரில்லைத் திறக்க முடிகிறதா என்று கை வைத்துப் பார். மாடி என்றால் இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேள். சிலிண்டர் எங்கே வைக்கிறார்கள் என்று கேள். அட்வான்ஸுக்கு ரசீது எழுதித் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். கிடைக்கவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, நானும் கூட வந்து பார்க்கிறேன்.